தண்ணீர் ஊற்ற ஆளில்லாத ஞாயிறு

உலகத்தில் கால்பந்து தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இறந்துவிட்டார், மற்றவர் துருக்கியின் ஃபாட்சா ஊரில் தேநீர்க்கடை நடத்துகிறார். இதைச் சொல்லும்போது கடைக்காரர் நெவ்ஸாத் சிரிக்கவே மாட்டார்.

அவர் மகள் செவ்தாப் ஊர்ப் பெண்கள் அணியின் கோல்கீப்பர். அணி வெளியூர் கிளம்பும்போதெல்லாம், தண்ணீர் மாதிரி தடையில்லாமல் போய்த் திரும்பட்டும் என்று அம்மாக்கள் வண்டிக்குப் பின்னால் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள்.

"தண்ணி ஊத்துனா ஜெயிச்சிடுவாங்களா? அப்போ நம்மூரு மீன்காரங்க எல்லாம் உலகக் கோப்பை வாங்கியிருக்கணுமே!" என்பார் நெவ்ஸாத்.

"நீங்க டீயை ஊத்துங்கண்ணே, போதும்" என்பார் பயிற்சியாளர் ஃபெரிதே.

அந்த ஞாயிறு சாம்சுன் நகரில் கடைசி ஆட்டம். தோற்றால் கழகத்தையே கலைத்துவிடுவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. "நம்ம பொண்ணுங்களுக்குக் கத்த ஆள் வேணாமா?" என்று அம்மாக்கள் அத்தனை பேரும் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். நெவ்ஸாத்தின் மனைவி குலிஸார் மேளத்தோடு முன் இருக்கையைப் பிடித்திருந்தாள்.

"அப்பா, நீங்களும் வாங்களேன்!" என்றாள் செவ்தாப்.

"நானா? ஊரே சிரிக்கும். போம்மா, நேரமாச்சு."

பாட்டும் மேளமுமாக வண்டி புறப்பட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. தண்ணீர் ஊற்றுகிறவர்கள் எல்லோரும் வண்டிக்குள் இருக்கிறார்கள்.

தெருவை இரு பக்கமும் பார்த்தார். அடுப்பிலிருந்த தேநீர்க் கெண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வண்டி திருப்பத்தில் மறைவதற்குள் கொதிநீர் முழுவதையும் சாலையில் கவிழ்த்தார். ஆவி குபுகுபுவென்று எழுந்தது.

"தண்ணி மாதிரி போய்ட்டு வாம்மா" என்றார், யாருக்கும் கேட்காமல்.