ஆற்றுவாய்க் கழிகள்

“அம்மா, இந்த ஏரிக்கு லீவே கிடையாதா?” என்று ஒருமுறை மகள் கேட்டாள். படகுக்காரி சிரித்துவிட்டாள். கேள்வி நியாயமானதுதான். வடக்கு மலையிலிருந்து மூன்று ஆறுகள் இறங்கி நிரப்பும் அந்த ஏரிக்கு எதிர்க்கரையே தெரியாது. காகித ஆலை அதைக் குடித்தது, நகரம் குடித்தது, தோட்டங்கள் குடித்தன. மீனும் கோதுமையும் செங்கல்லும் அதன் முதுகில் ஏறித்தான், மேற்கே ஏரி நீர் வெளியேறும் ஒரே ஆற்றுவாய் வழியாக நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அவள் மீன் ஏற்றுவாள். பக்கத்துப் படகு மீசைக்காரன் கோதுமை ஏற்றுவான். இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

“உன் படகு வந்தாலே மூக்கைப் பொத்திக்க வேண்டியிருக்கு!”

“மீசையைச் சுருட்டி மூக்குல செருகிக்கோ, நாத்தம் தெரியாது!”

ஆனால் போன வருஷம் அவள் கணவருக்கு ஆபரேஷன் நடந்தபோது, கரையில் கிடந்த அவளுடைய மீன் பெட்டிகளைச் சத்தமில்லாமல் ஏலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தவன் அவன்தான். நன்றி சொல்லப் போனவளிடம், “வேற வேலை இல்லையா? படகு இன்னும் நாறுது, தள்ளு!” என்று எரிந்து விழுந்தான். அந்தக் கடன் அவளுக்கு நெஞ்சில் முள்ளாகவே இருந்தது.

மேல்காற்று இரண்டு நாள் அடித்து ஓய்ந்திருந்தது. அப்படி அடித்தால் தண்ணீர், சாய்த்த தட்டில் இருப்பதுபோலக் கிழக்கே ஒதுங்கும்; திரும்பி வரும் வேகத்தில் ஆற்றுவாய் மணலைப் புரட்டிப் போடும். விடிகாலை மூடுபனியில், ஆழமான வழியைக் காட்ட நட்டிருந்த கழிகளுக்கு நடுவே அவள் படகு நுழைந்ததும் அடியில் கரகரவென்று உரசியது. கழிகள் அப்படியே இருந்தன, வழிதான் மாறிவிட்டது.

அவளுடையது குறைந்த பாரம், தப்பித்தாள். பின்னால் மீசைக்காரன், புதிதாகப் பிடித்த மாவு ஆலைக்கு முதல் லோடு கொண்டுவருகிறான். தரை தட்டினால் ஆலைக்காரர் லாரிக்கு மாறிவிடுவார். போனில் சொல்லலாமென்றால் சிக்னல் இல்லை. கழி மாற்றும் படகுத்துறை ஆட்கள் வெயில் ஏறித்தான் வருவார்கள். காலை ஏலமோ யாருக்காகவும் நிற்காது.

“கொஞ்சம் பொறுத்துக்கோங்கப்பா,” என்று மீன் பெட்டிகளிடம் சொல்லிவிட்டு நங்கூரம் போட்டாள். “ஆண்டவனே, இடுப்பை மட்டும் பார்த்துக்கோ!”

குளிர்ந்த நீரில் இறங்கி, காலால் மணலைத் தடவித் தடவிப் புது வழியைக் கண்டுபிடித்தாள். கழிகளை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, அந்த வழியின் இரு ஓரமும் நட்டாள். கடைசிக் கழியை அழுத்தும்போதே தூரத்தில் என்ஜின் சத்தம் கேட்டது. படகைப் பனிக்குள் ஒதுக்கிக்கொண்டு மூச்சை அடக்கினாள்.

பாரம் சுமந்து முனகியபடி சத்தம் வந்தது. கழிகளுக்கிடையே நுழைந்தது. ஒரு கணமும் திக்காமல் நகரத்தை நோக்கித் தேய்ந்துபோனது.

நனைந்த உடையைப் பிழிந்துகொண்டு பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஐஸ் பாதி கரைந்திருந்தது.

“சரி, பாதி விலைக்காவது போவீங்க,” என்று சொல்லி என்ஜினைக் கிளப்பினாள்.