வக்கீலய்யா எழுதிய கொலை

வக்கீல் சுப்பராயனுக்கு மூன்று கிறுக்கு: கோர்ட்டு, கட்சி, எழுத்து. மூன்றிலும் அவர் கெட்டிக்காரர் என்று ஸ்ரீபெரும்புதூரே சொல்லிக்கொண்டிருந்தது. அதை முதலில் சொன்னவர் அவர்தான். கிளியம்மாளும் அதை நம்பித்தான் தன் புருஷன் மேல் விழுந்த கொலை வழக்கை அவர் கையில் ஒப்படைத்தாள். வேறு யாரிடம் போவாள், பாவம்.

ஊர் மிராசுதார் வெட்டுப்பட்டுச் செத்த ஆடிக் கிருத்திகையன்று அவள் புருஷன் தசரதன் ஊரிலேயே இல்லை. வல்லக்கோட்டை முருகனுக்குக் காவடி எடுத்துப் போயிருந்தான். அத்தனை கூட்டத்தில் அவனைப் பார்த்ததாகச் சாட்சி சொல்லத் துணிந்தவன், கூடவே காவடி தூக்கிய கூத்தாடி கோபால் ஒருவன்தான். மற்றவர்களுக்கு மிராசுதார் வீட்டார் மேல் பயம். கோபால் கூண்டேறிச் சொல்லிவிட்டால் தசரதன் வீடு திரும்பிவிடுவான் என்று கிளியம்மாள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அது அறுபதுகளில் வந்த ஒரு தேர்தல் வருஷம். வக்கீல் வேட்பாளர். கூட்டம் சேர்க்க ஒரு நாடகம் எழுதினார். ஏழைத் தசரதன் அநியாயக்கார மிராசுதாரை அரிவாளால் வெட்டுகிறான். வக்கீல் ஒருவர் பேசியே அவனை மீட்கிறார். வக்கீல் வேஷம் அவருக்கு. தசரதன் வேஷத்துக்குக் கோபாலை விட்டால் ஆள் ஏது?

கிளியம்மாள் பதறிக்கொண்டு ஓடினாள்.

"ஐயா, அவரு வெட்டவே இல்லியே. நீங்களே வெட்டுனாருன்னு காட்டிக்கினு கீறீங்களே."

"வெட்டாதவனைப் பாக்க எவன்மா வருவான்? கடைசி சீன்ல விடுதலை பண்ணிடறேன், போதாதா?"

கோபாலிடமும் கெஞ்சினாள். "வேசந்தானக்கா. ஜனம் இன்னா விசிலு அடிக்குது தெரியுமா?" என்றான் அந்த மடையன்.

ஒரகடம் தொடங்கி ஊர் ஊராக மேடையேறி வெட்டினான். ஜனம் கைதட்டியது, ஓட்டும் போட்டது. சுப்பராயன் எம்.எல்.ஏ. ஆனார்.

செங்கல்பட்டு கோர்ட்டில் கோபால், தசரதன் தன்னோடு காவடி எடுத்ததைத் திக்காமல் சொன்னான். சர்க்கார் வக்கீல் எழுந்தார்.

"மேடையில தசரதனா வந்து மிராசுதாரை வெட்டினது நீதானே? எழுதினது யாரு?"

தன் பேர் கோர்ட்டு வரை வந்துவிட்டதில் கோபாலுக்குத் தலைகால் புரியவில்லை. "நான்தானுங்க. எழுதுனது நம்ம வக்கீலய்யா" என்று சுப்பராயனைப் பார்த்துக் கும்பிட்டான். கோர்ட்டே சிரித்தது. சாட்சி அந்தச் சிரிப்போடு போயிற்று. தசரதனுக்கு ஆயுள் தண்டனை.

அப்பீல் போடலாம், கவலைப்படாதே என்றார் சுப்பராயன். கிளியம்மாள் வாரா வாரம் போய் அவர் வாசலில் நின்றாள். ஐயா எழுதுகிறார், ஐயா பட்டணம் போயிருக்கிறார் என்றே பதில் வந்தது. ஒருநாள் அவரே உள்ளே கூப்பிட்டார். முகமெல்லாம் பூரிப்பு.

"கிளியம்மா, முடிவை மாத்திட்டேன். இப்போ உன் புருஷன் தூக்குல தொங்கறான். பட்டணத்துல அழாத ஆள் இல்லை."

"அப்பீலு இன்னா ஆச்சுங்க?"

சுப்பராயன் பேனாவை மூடி வைத்தார்.

"அதுக்கு நாள் தாண்டிப் போச்சேம்மா. இந்த ஒரு சீனை எழுதறதுக்குள்ளயே என் உசுரு போயிடுச்சு."