இரவல் உடம்பு

1

“என் உடம்பத் திருப்பிக் குடுங்க சார்.”

இதை மட்டும் யாரிடமும் கேட்டுவிடாதே என்று அம்மா சொல்லியிருந்தார். கேட்டேன். வேலைக்கான நேர்காணலில், என் சான்றிதழ்களை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, எனக்கு வேலை கொடுக்க வேண்டிய மேலாளரின் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

இந்த வரிக்கு வந்து சேருவதற்குள் சில தொடக்கங்களைக் கொன்றிருக்கிறேன். பிணங்களைக் காட்டிவிடுகிறேன்:

[ஜொகூரின் வானம் அன்று சாம்பல் நிறத்தில் – வேண்டாம். வானத்துக்கும் எனக்கும் ஒரு தகராறும் இல்லை.]

[என் பெயர் வாசுகி. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். அம்மா தொழிற்சாலையில் இரண்டு ஷிப்ட் பார்த்து – இப்படி ஆரம்பித்தால் நீங்கள் கைதட்டுவீர்கள். வேதியியல் படித்துவிட்டுப் பேரங்காடியில் பபிள் டீ கலக்குகிறவளுக்குக் கைதட்டலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.]

கதை எங்கே பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜொகூர் பாருவில் ஒரு சிறுகதைப் பட்டறை. நடத்தியவர் பெண்கள் பக்கம் திரும்பி, “நீங்க உங்க உடம்ப எழுதணும், பயப்படாம எழுதணும்” என்றார்.

“எழுதலாம் சார்,” என்றேன். “ஆனா அது இப்ப என்கிட்ட இல்ல. கெலாங் பாத்தால ஒரு வீட்டு ஹால்ல மாட்டியிருக்கு.”

பிரமாதமான படிமம் என்று பாராட்டினார். படிமம் இல்லை. கண்ணாடி போட்டு, மாலை மாட்ட ஆணியும் அடித்து வைத்திருக்கிற படம்.

2

பட்டமளிப்பு முடிந்த மறுநாள், பட்டதாரி அங்கியான ஜூபாவைப் பல்கலைக்கழகத்திடம் திருப்பிக் கொடுப்பதற்குமுன், தம்போயில் இருக்கும் மனோகரன் மாமாவின் ஸ்டுடியோவுக்கு அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனார். மனோகரன் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கறுப்பு ஜூபா, சதுரத் தொப்பி, பின்னால் புத்தக அலமாரி வரைந்த துணி. பல்கலைக்கழகம் பட்டத்தைத் தட்டையான அட்டைக்குள் வைத்துக் கொடுத்திருந்தது. மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. “சுருட்டி இருந்தாத்தான் பிள்ள பட்டம்” என்று சொல்லி, தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றுக்கு வெள்ளைத்தாள் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டிக் கையில் கொடுத்தார். என் வலது கட்டைவிரலில் பிளாஸ்தர் ஒட்டியிருந்தது. காலையில் சார்டின் டின் திறக்கும்போது வெட்டிக்கொண்டது.

குழாய், பிளாஸ்தர், நான். படத்தில் இருப்பது இவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் கெலாங் பாத்தாவில் ஐயாசாமி பெரியப்பா வீட்டுப் புதுமனை புகுவிழா. அவர் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம் இருந்த பக்கம் லோரியைக்கூடத் திருப்பியதில்லை என்று அவரே சொல்வார். ஹாலில் நுழைந்தேன். சுவரில் அவர் நிற்கிறார். ஜூபா, தொப்பி, மீசை, ரிப்பன் கட்டிய குழாய். கட்டைவிரலில் பிளாஸ்தர்.

“வாம்மா பட்டதாரி,” என்றார். “பாத்தியா, இப்ப நானும் ஒன்னு.”

“எந்த யூனிவர்சிட்டி பெரியப்பா?”

“மனோகரன் யூனிவர்சிட்டி. காலையில சேந்தேன், சாயங்காலம் முடிச்சிட்டேன். நீதான் நாலு வருசம் இழுத்த.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் இருந்த என் கையை.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

“மனோகரன் கேட்டான், குடுத்தேன். கல்யாணத்துக்கு நகைய இரவல் குடுக்குறதில்லயா? குடுத்தா தேஞ்சா போவுது?”

“அது நகை இல்லம்மா. என் உடம்பு.”

“அது படத்துல இருக்குறது. உன்னோடது இங்கதான நிக்கிது, சோறு கேட்டுக்கிட்டு.” பிறகு தாழ்ந்த குரலில், “ஆனா ஒன்னு. எங்க பாத்தாலும் திருப்பிக் கேட்டுறாத. நல்ல காரியத்துக்குக் குடுத்தத திருப்பிக் கேக்குற குடும்பம்னு பேரு வாங்கக் கூடாது” என்றார்.

3

மனோகரன் மாமாவை வில்லனாக எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. சண்டைக்கு வந்தவளுக்கு வில்லன்கள் தே தாரிக் டீ வாங்கித் தருவதில்லை.

“கோவமா வந்திருக்க,” என்றார். “குடி. ஆறிறப் போவுது.”

“எத்தனை பேருக்கு மாமா குடுத்தீங்க?”

“நான் எண்ணிக்கிட்டா இருக்கேன்? உன் கழுத்து அப்படி பிள்ள. யாரு தலைய வச்சாலும் ஒட்டிக்கும். மத்தவங்க கழுத்துல அகம்பாவம் இருக்கு. உன்னோடதுல கிடையாது.”

வாழ்க்கையில் ஒருவரும் என்னைப் பற்றிச் சொல்லாத பொய் இது.

தன் முறையை எனக்கு விளக்கினார். அதில் வெட்கம் சிறிதும் இல்லை, பெருமை நிறைய இருந்தது. தலை கொடுக்க வருகிறவர்கள் சாரோங் கைலி கட்டிக்கொண்டும் வரலாம். உட்கார வைத்து, அவர்கள் பெயருக்குப் பின்னால் பட்டத்தைச் சேர்த்து உரக்கக் கூப்பிடுவாராம். அந்த நொடியில் முகம் மாறுமாம். அதைத்தான் எடுப்பாராம். “உடம்பு யாரோடதா வேணா இருக்கட்டும். அந்த மூஞ்சிய கம்ப்யூட்டர்ல செய்ய முடியாது லா.”* ஆண்களுக்காக, ஜூபாவுக்குக் கீழே தெரிந்த என் புடவைக் கரையைக் கறுப்பாக்கிக் காற்சட்டை செய்திருந்தார்.

“பிளாஸ்தர ஏன் அழிக்கல?”

“அது இருந்தாத்தான் நெசம்னு நம்புறாங்க.”

* பட்டறை ஆசிரியர் இந்த இடத்தில் புகைப்படக் கலையைப் பற்றி ஒரு பத்தி கேட்டார். எது அசல், எது நகல் என்றெல்லாம். எழுதினேன், கிழித்தேன். அசல் நான். வேறென்ன ஆய்வு வேண்டும்.

4 (நீக்கப்பட்டது)

இந்தப் பகுதியில் பேச்சியம்மாள் என்றொருவர் வருவார். அவரை வெட்டிவிட்டேன். அவர் வந்தால் நீங்கள் என் பக்கம் நிற்க மாட்டீர்கள்.

கற்பனைப் பாத்திரம் என்றால் வெட்டியிருக்க மாட்டேன், கொஞ்சம் மட்டம் தட்டி வைத்திருப்பேன். நிஜமாகவே வந்தார். நான் மாமாவிடம், “அந்தப் படத்த இப்பவே அழிங்க, என் கண் முன்னால அழிங்க” என்று கத்திக்கொண்டிருந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். மகன் ரூபேந்திரன். சிங்கப்பூருக்கு மோட்டாரில் வேலைக்குப் போய்க்கொண்டே படித்து முடித்தவன். பட்டமளிப்புக்கு முன்பே சாலை விபத்தில் போய்விட்டான். அடையாள அட்டைப் படத்திலிருந்து தலையை எடுத்து மாமா படத்தைத் தயாராக வைத்திருந்தார்.

பேச்சியம்மாள் வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடிமேல் விரலை வைத்தார். என் கட்டைவிரல்மேல்.

“கையில என்னா காயம் இது? எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

மாமா என்னைப் பார்த்தார். நான் – 

[நான் கோபத்தோடு வெளியேறினேன் என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன்.]

“சின்னக் காயம்தான் ஆன்ட்டி,” என்றேன். “ஆறிருச்சு.”

அழிக்கச் சொல்ல அதன்பிறகு வாய் வரவில்லை. தே தாரிக் ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

இந்தப் பகுதியை நீங்கள் படிக்கவில்லை.

5

எனவே கோபம் முழுசாக மிச்சமிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நேர்காணலுக்குப் போனேன். கெலாங் பாத்தா பக்கம் ஒரு சரக்குக் கப்பல் நிறுவனம், ஆய்வகத்தில் உதவி வேலை. கிடைத்தால் பபிள் டீயிலிருந்து விடுதலை. இதுவும் போனால் கடை மேற்பார்வையாளராக என்னை உயர்த்தப்போவதாகப் பேரங்காடியில் பயமுறுத்தியிருந்தார்கள்.

மேலாளரின் பெயர் பிரேமகுமார். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். அப்பா கனகசபை அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்தவர். இதையெல்லாம் முதல் ஐந்து நிமிடத்தில் அவரே சொன்னார். என் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் தலையாட்டினார். ஆங்கிலத்தில்தான் பேசினோம். தமிழில் எழுதுகிறேன், என் ஆங்கிலத்தில் இருந்த நடுக்கத்தை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

“அசல் சான்றிதழ் இருக்கா, மிஸ் வாசுகி? இப்ப நிறைய போலி வருது.”

அவருக்குப் பின்னால் சுவரில் படம். ஜூபா, தொப்பி, குழாய், பிளாஸ்தர். மேலே மூக்குக்கண்ணாடி போட்ட பிரேமகுமார்.

“இருக்கு சார்,” என்றேன், தமிழுக்கு மாறி. “உங்களுக்குப் பின்னால.”

திரும்பிப் பார்த்தார். “அது நான்.”

“கழுத்துக்கு மேல.”

வலது கட்டைவிரலை மேசைமேல் வைத்தேன். தழும்பு இருக்கிறது. பிறகுதான் அந்த முதல் வரியைச் சொன்னேன். அழகாகத் திட்டமிட்டுச் சொல்லவில்லை. பேச்சியம்மாளிடம் கேட்க முடியாததை, கேட்கக்கூடிய ஒருவர் கடைசியில் கிடைத்திருந்தார்.

எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பதற்றத்தில் அவருடைய அலுவலக ஆங்கிலம் நழுவி, வீட்டுத் தமிழ் வெளியே வந்துவிட்டது.

“நான் படிச்சனான். உண்மையா படிச்சுப் பாஸ் பண்ணினனான். கோவிட் நேரம், பட்டமளிப்பு கம்ப்யூட்டரிலதான் நடந்தது. என்ர பேர் வாசிக்கேக்க லைன் அறுந்துபோட்டுது. அம்மா புதுச்சீலை உடுத்துக்கொண்டு திரைக்கு முன்னால இருந்தவா. அழுதுபோட்டா. அதுக்காகத்தான் இந்தப் படம்.”

இப்படித்தான் இந்தக் கதையில் ஒவ்வொருவராக எனக்குத் துரோகம் செய்கிறார்கள். வெறுக்கலாம் என்று கிட்டே போனால், ஓர் அம்மாவை எடுத்துக் காட்டுகிறார்கள்.

“சரி சார். எங்கம்மாவும்தான் புதுப்புடவை கட்டியிருந்தாங்க. கம்ப்யூட்டர் முன்னால இல்ல, மண்டபத்துக்கு வெளிய. உள்ள விட ரெண்டு டிக்கெட்டுத்தான், அதுல தன்னோடத அம்மா தொலைச்சிட்டாங்க.”

பிறகு மேலாளராக மறுபடியும் நிமிர்ந்தார்.

“வேலை உங்களுக்குத்தான். திங்கக்கிழமையே சேரலாம். இந்தப் படத்தப் பத்தி மட்டும் ஆபீஸ்ல…”

“படம் அங்கயேதான் இருக்குமா?”

“அது அங்க இருக்குறதுதான் எல்லாருக்கும் பழக்கம்.”

அதாவது, என் உடம்பு மேலாளர் அறையில் குளிர்சாதனத்துக்குக் கீழே நிற்கும். நான் அதற்குக் கீழே உதவியாளராக வேலை பார்ப்பேன். விடுப்பு வேண்டுமென்றால் அதற்கு முன்னால் நின்று கேட்க வேண்டும்.

6

முடிவுகள்.

(அ) வேலையை ஏற்றுக்கொள்கிறேன். நாளடைவில் படம் பழகிவிடுகிறது. காலையில் அதற்கு வணக்கம் சொல்கிறேன். இது அம்மா விரும்பும் முடிவு. இதை எழுதும்போது எனக்குப் பசித்தது, அதனால் இதைக் கேலி செய்ய மாட்டேன்.

(ஆ) படச்சட்டத்தை இறக்கி உடைக்கிறேன். கண்ணாடித் துண்டுகளில் என் முகம் பல முகங்களாகத் தெரிகிறது. பட்டறை ஆசிரியர் விரும்பும் முடிவு. யார் பெருக்குவது என்று அவர் யோசிக்கவில்லை. அந்த அலுவலகத்தைப் பெருக்குவது ஒரு கருப்பாயி அக்கா. உள்ளே வரும்போது பார்த்தேன்.

(இ) நடந்தது.

“திருப்பிக் கேக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க சார். அவங்க சொன்னதும் சரிதான். குடுத்தது குடுத்ததுதான். ஆனா இரவல் குடுத்தவ, இரவல் கேக்கலாமில்ல?”

“என்ன வேணும்?”

“நேரா உக்காருங்க.”

கைப்பேசியை எடுத்தேன். அவருக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்பது புரிந்ததா, தெரியாது. ஆனால் கேமராவை உயர்த்தியதும் அவருடைய முதுகு தானாக நிமிர்ந்தது. கை டையைச் சரிசெய்தது. சுழல் நாற்காலி, பெரிய மேசை, பேனா, பெயர்ப்பலகை. நல்ல உடம்பு. பதவி தோளில் அழகாக உட்கார்ந்திருந்தது. இதை மனோகரன் மாமாவிடம் கொடுத்தால் தம்போய் முழுவதும் மேலாளர்கள் முளைத்துவிடுவார்கள். மாமா காட்டிய வழிதான், ஆனால் இந்த முறை உடம்பு மேலே இருப்பவரிடமிருந்து கீழே இருப்பவர்களுக்கு வரட்டும்.

“மூஞ்சி எப்படி இருந்தாலும் பரவால்ல சார்,” என்றேன். “அசையாம இருங்க.”

[அந்தக் கழுத்துக்கு மேலே முதலில் யாருடைய தலை என்பதை நான் எழுதப்போவதில்லை. இடம் விட்டிருக்கிறேன். உங்களிடம் ஒரு தலை இருந்தால் கொண்டுவாருங்கள். சாரோங்கோடு வரலாம்.]

எடுத்தேன். சான்றிதழ்களை ஒவ்வொன்றாக அடுக்கி அட்டைக்குள் வைத்தேன். எனக்கு அவசரமில்லை. திங்கட்கிழமை இங்கே வரப்போவதில்லை என்பது, நேராக உட்காரச் சொன்னபோதே எனக்குள் முடிந்துபோன விஷயம். வீட்டில் இதற்கு எவ்வளவு திட்டு விழும் என்பதும் தெரியும். நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

“மிஸ் வாசுகி,” என்றார் பின்னாலிருந்து. குரலில் மிரட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. டையைப் பிடித்தபடி இன்னும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது. “கண்ணை மூடிப்போட்டன். இன்னொண்டு எடுங்கோ.”

நான் அதற்குள் வெளியே வந்துவிட்டேன்.