கட்டத்துக்கு வெளியே ஒரு கோல்கீப்பர்

அந்தக் கோடையில் லண்டனில் கூடிய பெரிய மனிதர்கள் கால்பந்தாட்டச் சட்டத்தில் ஒரு வரியை மாற்றினார்கள். இங்கே வடக்கே ஹேசல்ஷாவில் ஜேபஸ் கிரிம்ஷாவின் தலையில் இடி விழுந்தது. அதுவரை கோல்கீப்பர் என்பவன் மைதானத்தின் தன் பாதி முழுவதும் பந்தைக் கையால் தொடலாம். இனிமேல் கோலுக்கு முன்னால் சுண்ணாம்பால் போட்ட கட்டத்துக்குள் மட்டும்தான். வெளியே தொட்டால் எதிரணிக்கு ஃப்ரீ கிக்.

மற்ற ஊர்க் கோல்கீப்பர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கம்பத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆசாமிகள் அவர்கள். ஜேபஸ் அப்படியா? பந்து கைக்கு வந்ததும் அதைத் தரையில் தட்டித் தட்டி நடுக்கோடு வரைக்கும் நடந்து போவான். குறுக்கே வருகிறவனுக்குத் தோளால் ஒரு இடி. ஒவ்வொரு தட்டுக்கும் ஊரே சேர்ந்து எண்ணும். லீக் பந்தயத்தின் இரண்டாம் பிரிவில் ஹேசல்ஷா என்று ஒரு சங்கம் இருப்பதே அந்த நடையால்தான் பலருக்குத் தெரியும். பஞ்சாலையும் மழையும் எல்லா ஊரிலும்தான் இருக்கின்றன.

செப்டம்பரில் முதல் ஆட்டம். சனிக்கிழமை மதியம் ஆலைச் சங்கு ஊதியதும் ஜனம் முகம்கூடக் கழுவாமல், தலைமுடியில் ஒட்டிய பஞ்சோடு மைதானத்துக்கு ஓடிவந்தது. பந்து ஜேபஸ் கையில் வந்து விழுந்தது. தட்டினான். "ஒண்ணு" என்றது ஊர். இன்னொரு தட்டு. "ரெண்டு." புதுச் சட்டத்தைக் கோடை முழுக்க பீர்க்கடையில் உட்கார்ந்து திட்டித் தீர்த்த அதே ஊர்தான். அவனுக்கும் ஞாபகம் வரவில்லை, அவர்களுக்கும் வரவில்லை. கட்டத்தைத் தாண்டி அவன் ஜம்மென்று நடந்துகொண்டிருக்கும்போது விசில் ஊதியது. அந்த ஃப்ரீ கிக்கில் கோல் விழுந்தது. ஊர் வழக்கம்போல் நடுவரைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போனது.

ஒரு தடவையோடு போயிருந்தால் சிரித்து மறந்திருப்பார்கள். பத்து வருஷப் பழக்கம் அப்படி லேசில் விடுமா? கால் கட்டத்தைத் தாண்டியதும் கை தானாகக் கீழே போயிற்று. எதிரணிகள் இதைத் தெரிந்துகொண்டு, வேண்டுமென்றே கட்டத்தின் ஓரமாகப் பந்தை உருட்டிவிட்டு வேடிக்கை பார்த்தன. வெளியூர்களில் ஜனம் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக் கேலி செய்தது. சொந்த ஊர் பெருமையாக எண்ணியதை அடுத்த ஊர்க்காரன் வாயில் கேட்டபோது ஜேபஸுக்கு உடம்பெல்லாம் கூசியது.

வீட்டில் மட்டும் என்ன, சும்மா விட்டார்களா? அவன் மனைவி தர்ஸா தறி ஓட்டுகிறவள். ஆலை இரைச்சலை மீறிப் பேசிப் பேசி அவள் குரல் தெருமுனை வரைக்கும் போகும்.

"யோவ், சனிக்கிழமை மட்டும் அந்தக் கையை வீட்டுல வெச்சுட்டுப் போயேன். எனக்குப் பாத்திரமாவது கழுவிக் குடுக்கும்."

"நீ வேற. நானே நொந்துபோயிருக்கேன்."

"நொந்து என்ன பண்றது? எங்க தறிக்கூடத்துல ஒருத்தி கேக்கறா, ஒம் புருஷன் சாப்பிடும்போதும் தட்டுக்கு வெளியதான் கை வைப்பானான்னு. அவ வாய்க்கு நான் பதில் சொல்லி முடியல."

குளிர்காலம் முழுக்க அவன் கொல்லைச் சந்தில் பயிற்சி செய்தான். பக்கத்து வீட்டு ஏமஸ், அணியில் அவனுக்கு முன்னால் நின்று தடுப்பாடுகிறவன், பந்தை எறிவான். ஜேபஸ் காலால் நிறுத்துவான், மார்பால் நிறுத்துவான். கை தவறிப் பட்டால், "போச்சு, மறுபடியும்" என்று ஏமஸ் ஆரம்பத்திலிருந்து எறிவான். மார்ச் வாக்கில் கை அடங்கியது. ஆனால் அதற்குள் சங்கம் பட்டியலின் அடிமட்டத்துக்குப் போய்விட்டது.

கடைசி இரண்டு இடங்களில் முடிக்கிற சங்கம் கோடையில் லண்டனுக்குப் போய், பெரிய சங்கங்களின் முன்னால் நின்று, அடுத்த வருஷமும் எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஓட்டுக் கேட்க வேண்டும். தெற்கே புது மைதானமும் கையுமாக எத்தனையோ ஊர்கள் அந்த இடத்துக்குக் காத்திருந்தன. ஹேசல்ஷாவுக்கு எவன் ஓட்டுப் போடுவான்? கடைசி ஆட்டத்தில் வெல்பிரிட்ஜை ஜெயிக்கக்கூட வேண்டாம், தோற்காமல் இருந்தால் போதும், தப்பித்துவிடலாம். தோற்றால் சங்கம் போனது போனதுதான். ஜேபஸால்தான் போனது என்று ஊர் சொல்லும். அது பொய் என்று அவனாலும் சொல்ல முடியாது.

ஆட்டத்துக்குச் சற்று முன் சங்கத் தலைவர் ஆர்மராட் அவனைத் தனியே அழைத்தார். ஆலை முதலாளியும் அவர்தான்.

"ஜேபஸ், ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. எவனாவது பந்தோட தனியா வந்துட்டான்னு வையி, நீ வெளிய ஓடிப்போயி கையால தட்டிவிட்டுரு."

"ஃப்ரீ கிக் குடுத்துருவாங்களே ஐயா."

"குடுக்கட்டுமே. நம்மாளுங்க எல்லாரும் வந்து குறுக்க நின்னுக்கலாம். கோல் விழறதுக்கு அது மேல் இல்லியா? வேற எவன் செஞ்சாலும் திருட்டுப்பயன்னு சொல்லுவாங்க. நீ செஞ்சா, பாவம், பழக்கதோஷம்னு போயிருவாங்க."

ஜேபஸ் குனிந்து காலணி வாரை இறுக்கினான். முதலாளியை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. வருஷம் பூரா அவனைத் தலைகுனிய வைத்த தப்பைத் துடைத்தெடுத்துக் கள்ளச்சாவியாக அவன் கையில் கொடுக்கிறாரே மனுஷன். மறந்துபோய்ச் செய்கிறவன் வேறு, தெரிந்தே செய்கிறவன் வேறு என்பதுகூடவா இவருக்குத் தெரியாது?

மழை கொட்டிக்கொண்டிருந்தது. மைதானம் உழுத வயலாய்க் கிடந்தது. ஹேசல்ஷா முதலில் ஒரு கோல் போட்டது, இடைவேளைக்குப் பின் வெல்பிரிட்ஜும் ஒன்று போட்டது. அதற்கப்புறம் ஜேபஸ் ஒரு பந்தையும் விடவில்லை. ஆட்டம் முடிகிற நேரத்தில் ஏமஸ் சேற்றில் வழுக்கி விழுந்தான். வெல்பிரிட்ஜின் நடு ஆட்டக்காரன் பந்தோடு தனியாக வந்தான்.

ஜேபஸ் கோலை விட்டு ஓடினான், கட்டத்தையும் தாண்டி ஓடினான். பந்து ஒரு குழியில் பட்டு அவன் இடுப்பு உயரத்துக்கு எழும்பியது. கை நீட்டினால் போதும். எதிரே வந்தவன் உதைக்கக் காலை ஓங்கிவிட்டான். அந்த ஒரு கணத்தில் ஜேபஸுக்கு எல்லாம் தெளிவாக ஞாபகம் இருந்தது. சட்டம் ஞாபகம் இருந்தது, முதலாளி சொன்னது ஞாபகம் இருந்தது, தான் நிற்கிற இடம்கூட ஞாபகம் இருந்தது. ஞாபகத்தோடு தொட்டால் அவன் யார்? கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, தலையைக் கொடுத்துப் பாய்ந்தான்.

நனைந்த தோல்பந்து கல்லாய்க் கனத்தது. உதைத்த வேகத்தோடு அது அவன் நெற்றியில் மோதி, ஓரக்கோட்டைத் தாண்டிக் கூட்டத்துக்குள் போய் விழுந்தது. ஜேபஸ் சேற்றில் மல்லாந்து கிடந்தான். உதைத்தவன் பயந்துபோய் அவன் பக்கத்தில் மண்டியிட்டான்.

"உயிரோட இருக்கியா? ஏன்யா, கையை நீட்டியிருந்தா முடிஞ்சிருக்குமே."

"அது எனக்குத் தெரியாதா?" என்றான் ஜேபஸ்.

கொஞ்ச நேரத்தில் கடைசி விசில் ஊதியது. ஒன்றுக்கு ஒன்று. சங்கம் தப்பித்தது. வேலியோரம் நின்று பார்த்தவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். ஏமஸ் வந்து அவனைக் கட்டிப்பிடித்து, அழுதான்.

உடை மாற்றும் அறைக்கு ஆர்மராட் வந்தார். ஆட்டத்தின்போது அவர் இருந்தது தூரத்து மேடையில், மழைத்திரைக்கு அப்பால். முகமெல்லாம் சிரிப்பாக அவன் தோளில் தட்டி, காதோரம் குனிந்தார்.

"கெட்டிக்காரன்டா நீ. நீ கை வெச்சது நடுவர் கண்ணுலயே படல பாத்தியா? நான் சொன்னேன்ல?"

ஜேபஸ் எழுந்தான். குனிந்து, தன் நெற்றியை முதலாளியின் கண்ணுக்கு நேரே கொண்டுபோனான். பந்தின் வாயை இழுத்துக் கட்டியிருந்த தோல்வார் ஒரு முடிச்சு விடாமல் அவன் நெற்றியில் அச்சாகப் பதிந்து, ஓரங்களில் ரத்தம் கசிந்தது.

"கை எங்க பட்டுச்சுன்னு இதுல பாத்துச் சொல்லுங்க ஐயா."

ஆர்மராட் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லப் போயிற்று.

"டாக்டர்கிட்டக் காட்டு," என்றார்.

"காட்டலாம் ஐயா. அவசரமில்ல."

வாசலில் தர்ஸா அவனுடைய தொப்பியோடு நின்றிருந்தாள். நெற்றியைப் பார்த்ததும் கிட்டே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தொப்பியை நீட்டினாள்.

"போட்டுக்கய்யா. மழை நிக்கல."

"இன்னிக்கு வேண்டாம்," என்றான் ஜேபஸ். "நீயே வெச்சுக்க. கடைத்தெரு வழியாப் போலாம் வா."

"அது சுத்து வழியாச்சே."

"சுத்தாத்தான் போணும்."