தலைவரின் நாற்காலி

பொற்கொடி ஊராட்சி மன்றத் தலைவராகி ஆறு மாசம் ஆகியிருந்தது. தொண்ணூற்றாறு தேர்தலில் அந்தப் பதவியைத் தாழ்த்தப்பட்ட பெண்களுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். உடனே பாலுசாமிப் பண்ணாடி, தன் தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு நிறுத்தினார், ஜெயிக்கவும் வைத்தார். ஜெயித்த மறுநாள் அவள் பழையபடி களை வெட்டத்தான் போனாள். புருஷன் காளிச்சாமி அவரிடம் பண்ணையாள். அவர்கள் குடியிருந்த காலனி நிலமும் அவருடையதே. பட்டா தருகிறேன் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நல்ல மனுஷன்.

தீர்மானப் புத்தகத்தைக் கிளார்க் கண்ணையா வயலுக்கே கொண்டுவருவார்.

“ஏனுங்க அம்மணி, பத்துப் பக்கத்துக்கு அடியில போட்டுக் குடுத்துருங்க. மேல நான் பொறவு எழுதிக்கறேன்.”

அவள் மண்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவாள். அறிவொளி வகுப்பில் எழுதக் கற்றது தன் பெயர் ஒன்றுதான். எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை வேறு, பாவம்.

சித்திரையில், பண்ணாடி மலையடிவாரப் பூமியைச் சைட் போட்டு விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டாள். யானைகள் காட்டிலிருந்து இறங்கி, அந்தப் பூமியைக் கடந்துதான் எதிர்ப்புறக் காட்டுக்கு ஏறும். அங்கே சுவர் எழுந்தால் அவற்றுக்கு மிச்சமிருக்கிற வழி காலனி ஒன்றுதான். முப்பது ஓட்டு வீடுகள், ஒரு முட்டுக்குத் தாங்காது.

நேரே போய்ச் சொன்னாள்: “பண்ணாடிங்க, அந்தச் சைட்டுக்கு மட்டும் என்ரகிட்டக் கையெழுத்துக் கேக்காதீங்க. போடமாட்டனுங்க.”

அவர் கோபப்படவே இல்லை. “கேக்க மாட்டேன் கண்ணு. நீ போட்டு ஒரு மாசமாச்சு” என்றார்.

அன்று ராத்திரி அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. ஐப்பசியில் யானைகள் பண்ணாடியின் தென்னம்பிள்ளைகளை மிதித்துவிட்டன. நஷ்டஈடு கேட்டு, ‘இது யானைகள் வழக்கமாகப் போகும் வழி’ என்று அவரே தீர்மானம் எழுதவைத்ததைக் கண்ணையா சொல்லியிருந்தார். அதுவும் அதே புத்தகத்தில்தானே இருக்கிறது?

“வேண்டாம் புள்ள, இருக்கற ஊட்டையும் புடுங்கிப்போடுவாரு” என்று காளிச்சாமி கெஞ்சினான். அவள் கேட்கவில்லை. உக்கடம் பஸ் ஸ்டாண்டில் போய் இறங்கி, சைட்டை நிறுத்தச் சொல்லிக் கலெக்டர் ஆபீசில் மனுக்கொடுத்தாள்.

பத்தாம் நாள் ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். ஊராட்சி ஆபீசில் பண்ணாடி எப்போதும்போலத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைவர் நின்றுகொண்டிருந்தாள். வாசலில் காளிச்சாமி.

அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். “ஐப்பசியில, யானை வழக்கமா வர்ற வழின்னு இருக்கு. பங்குனியில, யானை நடமாட்டமே இல்லாத இடம்னு இருக்கு. ரெண்டுலயும் உங்க கையெழுத்து. எதும்மா பொய்?”

“ரெண்டாவதுங்க. அது வெத்துத் தாள்ல போட்டதுங்க.”

“அப்ப மொதலாவது?”

அதுவும் வெற்றுத் தாள்தான். பொய் சொல்லப் பொற்கொடிக்கு வரவில்லை.

“அதுவுந்தானுங்க.”

“ரெண்டும் செல்லாதுன்னா எதை வெச்சு நான் சைட்டை நிறுத்தறது? நியாயப்படி உங்க மேலதான் நடவடிக்கை எடுக்கணும்.”

“உடுங்க சார், வெவரம் தெரியாதவ” என்று பண்ணாடி பரிந்து பேசினார். அவர் திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அந்தப் பரிவில் உடம்பெல்லாம் கூசியது.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். “பஸ்ஸுக்கு நேரமாச்சு. உங்க வாக்குமூலத்தை ஆபீஸ்ல போய் எழுதிக்கறேன். கீழ மட்டும் போட்டுக் குடுத்துருங்க.”

பேனா கைக்கு வந்தது. வெளியே சைட்டுக்குக் கல் நடுகிற கடப்பாரைச் சத்தம் கேட்டது. பொற்கொடி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நிமிர்ந்தாள்.

“பண்ணாடிங்க, கொஞ்சம் எந்திரிங்க. அது என்ர நாக்காலி.”

திகைப்பில் அவர் எழுந்தேவிட்டார். அவள் உட்கார்ந்தாள்.

“இப்பவே எழுதுங்க சார். எழுதிப் படிச்சுக் காட்டுங்க. அப்பறந்தான் போடுவேன்.”

வாசலில் நின்ற காளிச்சாமி அவளை ஒருமுறை பார்த்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சட்டிபானைகளைக் கட்டிவைக்க வீட்டுக்கு நடந்தான்.