நிறைவு நாள் திரையிடல்

“அந்த வீடியோவப் போட்டுக் காட்டுங்க சார்.”

கேட்டேவிட்டாள். பிணவறை வாசலில் அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே, படித்த திமிரை அங்கே காட்டாதே என்று சொல்லியிருந்தாள். இப்போது அப்பாவை ஏற்றிய வண்டி கலை மையத்துக்கு வெளியே நின்றது. உடலை அதன் அரங்கில் சற்று நேரம் வைக்கவேண்டும் என்று நிர்வாகி கேட்டிருந்தார். அம்மா தலையாட்டிவிட்டாள்.

அப்பா அங்கே நாற்காலி போடுபவர், விளக்குக் கட்டுபவர். அம்மா பெருக்குபவள். அங்கே நடக்கும் புதுமாதிரி இசையைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால் அப்பா சிரிப்பார். “ஒருத்தன் தகரத்தத் தேய்க்கிறான், நூறு பேரு கண்ண மூடிக்கிறான். யாருக்கு என்ன வியாதியோ.”

அவரை ஊழியராகவே நினைத்ததில்லை, குடும்பத்தில் ஒருவர் என்றார் நிர்வாகி. அந்தக் குடும்பம் சாப்பிட்ட மேசையில் அப்பா ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. இசைவிழாவின் நிறைவு நாளில், அன்றைய நிகழ்ச்சியின் பதிவை அவருக்கு அஞ்சலியாகத் திரையிடப் போகிறார்களாம். கம்ப்யூட்டரில் இன்னும் ஏற்றவில்லை என்று கேமராவையே அவள் கையில் கொடுத்தார்.

சின்னத் திரையில் இரண்டு பேர் மேடையில் தகரத்தை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சாய்ந்திருந்த ஸ்பீக்கரை நிமிர்த்த அப்பா ஓரமாக வந்தார். நெஞ்சைப் பிடித்தார். உட்கார்ந்தார். அப்படியே சரிந்து படுத்தார். கால் ஒருமுறை உதைத்தது. யாரும் எழவில்லை. முன்வரிசையில் ஒருவன் எட்டிக் குனிந்து அவரைப் போனில் படம் எடுத்தான். தகரம் நின்றதும் எல்லோரும் கைதட்டினார்கள்.

திரையின் ஓரத்தில், பக்கக் கதவில் அம்மா நின்றிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். மறுபடி அப்பாவைப் பார்த்தாள். பிறகு துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவளும் தட்டினாள். முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“யாருக்குமே தெரியலம்மா. நிகழ்ச்சியில ஒரு பகுதின்னுதான் நெனச்சோம்,” என்றார் நிர்வாகி. “ஒரு வகையில, அவரு அதுல கலந்துட்டாரு.”

“அழிச்சிடுங்க.”

இது மையத்தின் ஆவணம், குழுவில் பேசித்தான் முடிவெடுக்க முடியும் என்று அவர் ஆரம்பித்தார். அவள் கேமராவின் மூடியை நகத்தால் நெம்பி, மெமரி கார்டை உருவிக்கொண்டு, கேமராவை அவர் முன்னால் வைத்தாள். அவர் பேசிக்கொண்டேயிருந்தார்.

வெளிப்படியில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கேட்டியா?”

“கேட்டேன். அன்னைக்கு கேமரா ஓடலையாம்.”

அம்மா “ஓடலையா,” என்றாள்.

உடலை உள்ளே தூக்கிப்போக நாலு பேர் வந்து நின்றார்கள். “நேரா வீட்டுக்கு விடுங்கண்ணே,” என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு, வண்டி திரும்பும்வரை காத்திராமல் அவள் வாசல் கேட்டைப் பார்த்து நடந்தாள். அம்மாவின் செருப்புச் சத்தம் கொஞ்சம் கழித்துத்தான் பின்னால் கேட்டது.