வக்கீல் பச்சையைக் குறைத்த ஞாயிற்றுக்கிழமை

காந்திமதியம்மை சந்நிதியில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். இதில் ஓர் எழுத்துகூட இட்டுக்கட்டியது இல்லை. கதையில் வருகிறவர் வக்கீல் என்பதற்காக யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

அம்பாசமுத்திரம் வக்கீல் சிவசங்கரனுக்குக் கட்சிக்காரர்களைவிட நெபுலாக்கள் மேல் பிரியம் அதிகம். வானத்தில் ஊதுபத்திப் புகை மாதிரிப் படர்ந்து கிடக்கும் வாயு மேகங்கள் அவை. மொட்டை மாடியில் தொலைநோக்கியை நிறுத்தி, அதன் பின்னால் கறுப்பு வெள்ளைக் கேமராவை மாட்டி, கந்தகத்துக்கு ஒன்று, ஹைட்ரஜனுக்கு ஒன்று, ஆக்ஸிஜனுக்கு ஒன்று என்று ஃபில்டர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் படம் எடுப்பார். ஒவ்வொரு ஃபில்டரும் தன் வாயுவின் ஒளியை மட்டுமே உள்ளே விடும். பிறகு கம்ப்யூட்டரில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம் என்று சாயம் ஏற்றி மூன்றையும் சேர்த்தால் வண்ணப்படம். அங்கே ஹைட்ரஜன்தான் மிகுதி என்பதால் படம் பச்சையாக வந்து நிற்கும். அந்தப் பச்சையைக் கொஞ்சம் குறைப்பது வழக்கம்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை, ரோஜாப்பூ வடிவில் இருக்கும் ரோசெட் நெபுலாவைச் சேர்த்து முடித்து எட்வினுக்கு அனுப்பினார். எட்வினுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. அவனுக்கும் இதே கிறுக்கு. உடனே போன் வந்தது.

“என்ன அண்ணாச்சி, நெபுலான்னு சொன்னீங்க. பாசி புடிச்ச தெப்பக்குளத்தைல்லா அனுப்பியிருக்கீங்க!”

வக்கீலுக்குச் சுருக்கென்றது. திரையில் பச்சையைக் குறைக்கிற அளவுக்கோட்டைக் கடைசிவரை இழுத்துவிட்டார். ரோசெட் பொன்னும் நீலமுமாக மலர்ந்தது. அப்படியே சேமித்தார்.

அடுப்படியிலிருந்து மனைவி வேணி வந்தாள். கையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. வாசம் இருந்தது, நிறம் இல்லை.

“பறிக்கும்போது பச்சையாத்தான் இருந்துச்சு. கைக்குள்ளயே வெளுத்துட்டு, பாத்துக்கிடுங்க.”

அவர் பதில் சொல்வதற்குள் கொல்லைப்பக்கம் கூப்பாடு கேட்டது. வீட்டுக்குப் பின்னால் இருந்த வக்கீலின் வயலைப் பயிர் செய்கிற பெருமாள்ராஜ். மூன்று போகமாக அவருக்கு ஒன்றும் தேறவில்லை. இந்தப் பிசானப் போகமும் போனால் குடும்பத்தோடு திருப்பூருக்கு பஸ் ஏறுவதாகச் சொல்லியிருந்தார். கதிர் பால் பிடிக்கிற நேரம்.

“வக்கீலய்யா, வயலைப் பாருங்க! பொணம் மாதிரி வெளுத்துக் கெடக்கு. துத்தநாகம் கொறைச்சலா இருக்குமோ?”

வக்கீல் மாடியில் ஏறிப் பார்த்தார். வெளுப்பு வரப்போடு போகவில்லை. வரப்பை வெட்டிக்கொண்டு, வாய்க்காலைத் தாண்டி, அடிகோல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு நீள்சதுரமாகக் கிடந்தது. ஓரத்துப் பயிரில் பாதித் தாள் பச்சை, பாதித் தாள் சாம்பல். நீள்சதுரம் தெற்கே லேசாகச் சாய்ந்திருந்தது. கேமராவை மாட்டும்போது படத்தில் விழுந்த அதே சாய்வு. நடுவில் ஒரு கிளி உட்கார்ந்திருந்தது. அதுவும் சாம்பல். கத்தாமல் அவரையே பார்த்தது.

“துத்தநாகம் இல்லவே,” என்றார். “ஹைட்ரஜன் கொறைச்சல்.”

நடந்ததைச் சொன்னபோது எட்வின் போனில் சிரிக்கவில்லை. “ஹைட்ரஜன் படம் தனியா இருக்குல்லா? திரும்ப ஏத்துங்க அண்ணாச்சி. ஆனா பையப் பைய ஏத்தணும்.”

வக்கீல் ஏற்றினார். ஜன்னலுக்கு வெளியே வயல் மெல்லத் துளிர்த்தது. பழைய நிறத்துக்கு வந்ததும் நிறுத்தப் போனார். உள்ளே வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்ற பெருமாள்ராஜ் விடவில்லை.

“இன்னும் கொஞ்சம் ஏத்துங்கய்யா. யூரியா போட்ட கருகருப்பு வரட்டும்.”

“போதும்வே.”

“மூணு போகம் போச்சுய்யா.”

வக்கீல் கோட்டைக் கடைசிவரை ஏற்றிவிட்டார்.

கதிர் முற்றியது. ஆனால் வயலில் ஒரு குருவி இறங்கவில்லை. நாய்கள் வரப்புக்கு வந்ததும் நின்று, வந்த வழியே திரும்பின. காற்றே இல்லாத மத்தியானங்களில் பயிர் முழுவதும் மேல்பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது.

பங்குனியில் அறுத்தார்கள். களத்தில் முதல் மூட்டையின் வாயைத் தைத்துவிட்டுத் தூக்கக் குனிந்த பெருமாள்ராஜுக்குத் தூக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. மூட்டை தானாக எழுந்தது. ஹைட்ரஜன் ஏறி, பதரைவிட லேசாகிப்போன நெல். அடுத்தது எழுந்தது, அதற்கடுத்ததும். சத்தமே இல்லாமல் வரிசையாகத் தென்னை மட்டைகளை நோக்கி ஏறத் தொடங்கின. பெருமாள்ராஜ் அத்தனைக்கும் குறுக்கே கயிறு போட்டு இடுப்பில் சுற்றிக்கொண்டார்.

“கயித்தை விடும்வே!” என்று வக்கீல் கத்தினார்.

“எப்படிய்யா விட? என் வெள்ளாமைல்லா போவுது!”

கால் தரையை விட்டது. கொஞ்ச நேரம் அவர் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

வக்கீல் ஓடிப்போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பச்சையைக் குறைத்தால் மூட்டைகள் இறங்கும். எவ்வளவு வேகத்தில் இறங்கும் என்று எட்வினுக்கும் தெரியவில்லை. மயிரிழை குறைத்தார்.

முற்றத்தில் ஒரு செருப்பு வந்து விழுந்தது.

வேணி வாயைப் பொத்திக்கொண்டாள். வக்கீல் கையை எடுத்துவிட்டார். மறுபடி வைக்கத் துணியவில்லை.

ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன்: அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வராததால் பிசானத்துக்கு அந்தப் பக்கம் ஒருவரும் நாற்றே பாவவில்லை.